நான்காம் பக்கம்

உடைந்த பொருளோடு வந்து நிற்பவர்களிடம், அது எங்கள் குற்றமல்ல என்று எழுதி அனுப்புவதுதான் என் உத்தியோகம். துவைக்கும் மெஷின், மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி எதுவானாலும் கடிதம் ஒன்றுதான். "தங்கள் புகாரைக் கவனமாகப் பரிசீலித்தோம். சேதம் பயனரின் தவறால் நேர்ந்தது. கையேட்டின் நான்காம் பக்கம் காண்க." அந்த நான்காம் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பத்தொன்பது வருடமாக என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு மலையேறும் சைக்கிள் மேல் ஆசை வந்தது. வாங்கியும் விட்டாள். ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தோடு கிளம்பிப் போவாள். வருடத்தில் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே இருக்கும் மலைப்பாதையில் ஏறுவார்கள். உச்சிவரை கால் தரையில் ஊன்றாமல் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. போன வருடம் உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது கால் ஊன்றிவிட்டாள். அன்றிலிருந்து படிக்கட்டுகூட அவளுக்குப் பயிற்சிதான், ஆறு மாடியும் நடந்தே ஏறினாள். நான் லிப்டில் போய் மேலே காத்திருந்து கேலி செய்தேன்.

இந்த வருடம் அந்த மலையேறும் ஞாயிறுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலை, நான் சைக்கிளை உடைத்தேன்.

உடைப்பதற்கு நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பால்கனியில் என் நாற்காலிக்கு இடம் வேண்டியிருந்தது. "வீட்ட அடைச்சிக்கிட்டு நிக்குது சனியன்" என்று ஒரு தள்ளு தள்ளினேன். அது சுவரில் மோதி வலப்பக்கமாகச் சாய்ந்தது. ஹேண்டில்பாரில் கட்டைவிரலால் தட்டிக் கியர் மாற்றும் லீவர் முறிந்து தொங்கியது, அதில் ஒரு துண்டு எங்கோ தெறித்தது. மனைவி அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். உடனே போன் செய்து சொல்லவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் நல்ல பிள்ளையாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் மேல் உறையை இழுத்து மூடியிருந்தேன், வழக்கமாக அவள்தான் மூடுவாள்.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு, முறிந்த லீவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ போட்டீங்களா?"

"தானா விழுந்திச்சு."

"எல்லாருக்கும் தானாத்தான் சார் விழும்" என்றபடி அதே மாதிரி புதிதாக ஒன்றை எடுத்துத் தந்தார். "பின்னாடி எட்டுப் பல்சக்கரம், அதுக்கு இதுதான். எப்படி மாட்டணும்னு உள்ள புத்தகம் இருக்கு. படிச்சிட்டு மாட்டுங்க."

புத்தகம் இருந்தது, படிக்கவும் படித்தேன். ஆனால் தொழில் புத்தி போகுமா? பின்னாலிருந்து திறந்து, உத்தரவாத விதிகளை முதலில் படித்தேன். 'தவறாகப் பொருத்தினால் உத்தரவாதம் செல்லாது.' ஒரு சொல் கூடுதலில்லை, எழுதியவன் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது. அந்தத் திருப்தியிலேயே புத்தகத்தை மூடி லீவர் வந்த பெட்டிக்குள் போட்டேன்.

சைக்கிளைக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனேன். கைப்பிடி ரப்பர் வர மறுத்தது, சோப்புத் தண்ணீர் விட்டு உருவினேன். பழைய லீவரின் மிச்சத்தைக் கழற்றி, பழைய கியர் கேபிளையும் உருவி எறிந்தேன். புதிய லீவரை மாட்டுவதற்கு முன் சும்மா தட்டிப் பார்த்தேன். டக், டக் என்று அழகாகச் சத்தம் போட்டது. இன்னும் இரண்டு தட்டு தட்டினேன். பிறகு மாட்டி, அதோடு வந்த புதிய கேபிளைப் பின்சக்கரம் வரை கோத்து, இழுத்துப் பிடித்துத் திருகை இறுக்கினேன். எல்லாம் இரண்டரை மணி நேரம். கையில் ஒரு வெட்டு, பேன்ட்டில் கிரீஸ்.

சீட்டைத் தாழ்த்தி, தூண்களைச் சுற்றி நான்கு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். கியர் மாறியது, சங்கிலி கழலவில்லை. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஞாயிறு காலை மனைவி கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். "போய்ட்டு வரேங்க" என்றாள். மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியில் நான் மறுபடி தூங்கினேன்.

மதியம் திரும்பினாள். முகம் வெயிலில் கன்றியிருந்தது. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள்.

"ஏறிட்டியா?"

"மொத வளைவுலயே கால் ஊனிட்டேன். மிச்சத்த தள்ளிட்டு நடந்தேன்."

"போன வருஷம் அவ்ளோ தூரம் ஏறினியே?"

"போன வருஷம் எட்டு கியர் இருந்திச்சு. இன்னைக்கு நாலுதான். ஏத்தத்துக்கான லேசான கியர் ஒண்ணுமே விழல. உச்சில எங்க கூட்டத் தலைவர் பாத்துட்டு, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணித் தரேன்னாரு. வேணாம்னுட்டேன். மாட்டினவரே கழட்டட்டும்னேன்."

"எப்படித் தெரியும்?"

"ஒடஞ்ச துண்டு வியாழக்கிழமையே பால்கனி செருப்பு அலமாரிக்கடியில கெடச்சுது. சனிக்கிழமை வரச்சொல்லி மெக்கானிக்கிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து பாத்தா புதுசு மாட்டியிருக்கு, சீட்டு உங்க ஒசரத்துக்கு எறங்கியிருக்கு. மெக்கானிக்க வேணாம்னுட்டேன்."

"நீயாவது ஓட்டிப் பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கலாம். கல்யாணமாகி பதினேழு வருஷம், இந்த வீட்ல எனக்காக நீங்க ஒரு ஆணி அடிச்சதில்ல. முழுசா ஒரு வேலை செஞ்சிருக்கீங்க. சந்தேகப்பட மனசு வரல."

திட்டியிருந்தால் சப்பைக்கட்டு கட்டியிருப்பேன். அதில் நான் கெட்டிக்காரன். இதற்குப் பதில் எழுதி எனக்குப் பழக்கமில்லை. வெட்கமாக இருந்தது, நிஜமான வெட்கம்.

"உனக்காக மாட்டல" என்றேன். "தள்ளிவிட்டு ஒடச்சது நான். உங்கிட்ட மாட்டிக்கக் கூடாதுன்னுதான் மாட்டினேன்."

அவள் பெட்டியிலிருந்த புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, சைக்கிள் பக்கத்தில் குந்தி, கேபிள் திருகைத் தளர்த்தினாள்.

"நாலாம் பக்கம். சத்தமா படிங்க."

படித்தேன். "கேபிளை இறுக்கும் முன், லீவரை முழுதும் தளர்ந்த கடைசி நிலைக்குத் தட்டி விடவும்."

அவள் லீவரை எதிர்ப்பக்கமாகத் தட்டினாள். டக், டக், டக், டக்.

நான்கு. மாட்டுவதற்கு முன் நான் சும்மா தட்டிய நான்கு. மலையில் அவளுக்கு இல்லாமல்போன நான்கும் அவைதான்.