ஒரு சாண் கீறல்

சுவருக்கும் காருக்கும் நடுவே ஒன்றரை அடி இடம்தான் இருந்தது. அதற்குள் குத்தவைத்து உட்கார்ந்து ஷெர்லின் பின்கதவின் கீறலை வாட்டர் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் செபமாலை மூன்றாம் பத்துக்கு வந்திருந்தது. பெண்கள் இழுத்து இழுத்துச் சொல்கிற வேகத்தைப் பார்த்தால் முடிய இன்னும் கால்மணி நேரமாவது ஆகும். அதற்குள் துருவை எடுத்து, அடிப்பூச்சாகப் பிரைமர் ஒரு தடவை வைத்துவிட வேண்டும். அது காய இருபது நிமிடம். மேலே சில்வர் மெல்லிசாக இரண்டு தடவை, கடைசியில் பளபளப்புக்குக் கிளியர். ஜெனிஸ் அண்ணன் மும்பையிலிருந்து வந்து வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கி வீடு சேர மத்தியானம் இரண்டு மணி ஆகிவிடும். இப்போது பதினொன்றேகால்.

அப்பா செத்து ஒன்றரை நாள்கூட ஆகவில்லை, மகள் காருக்குப் பெயின்ட் அடிக்கிறாள். பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கீறலை அண்ணன் பார்த்தால் எப்போது விழுந்தது என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது, அதுதான் பயம்.

அப்பா வில்பிரட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பணம் வந்ததும் முதல் வேலையாக இந்த வெள்ளிக் கலர் ஆல்டோவை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாட்டுக்கு உண்ணி பார்க்கிறவர் மாதிரி, காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்ப்பார். உப்பு லாரிகளின் பின்னால் போனால் பானெட்டில் கல் தெறிக்கத்தான் செய்யும். அரிசி அளவு பெயின்ட் போயிருந்தாலும் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தாமதம்தான். மக்ரூன் வாங்கி வந்த தகர டப்பாவில் பிரைமர், சில்வர், கிளியர் என்று மூன்று குப்பிகளும் பல் குத்துகிற குச்சிகளும் வைத்திருந்தார். "உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல இரும்ப அம்மணமா நிறுத்தக் கூடாதுளா" என்பார். அம்மா அல்போன்சா அடுப்படியிலிருந்து, "எனக்கு மேலு வலின்னா மனுசன் திரும்பிப் பாக்க மாட்டாரு, அதுக்குத் தும்மல் வந்தா தைலம் தேச்சி விடுவாரு" என்று கத்துவாள்.

அப்பா சொன்னது பொய்யில்லை. நேற்றுக் காலை விழுந்த கீறல், அதற்குள் ஓரத்தில் செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது.

நேற்று அம்மா முதல் பூசைக்குப் போயிருந்தாள். ஆறு மணி இருக்கும், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க ஷெர்லினுக்குத் தைரியம் வரவில்லை. அவரைத் தாங்கிப் பிடித்து முன்சீட்டில் உட்காரவைத்து, அண்ணனுக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். வெளிக்கேட்டின் ஒரு கதவு முழுசாகத் திறக்கவில்லை. அதைக் கவனிக்காமல் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினாள். கேட்டுத் தாழ்ப்பாள் பின்கதவைக் கவ்விக்கொண்டு கிறீச்சென்று இழுத்தது.

மூடியிருந்த கண்ணை அப்பா திறந்தார்.

"நிறுத்து. முன்னால எடுக்காத, கிழிச்சிரும். எறங்கிப் பாரு மக்கா."

அவள் இறங்கிப் பார்த்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நெஞ்சு வலிக்கிற மனுசனை உட்காரவைத்துவிட்டு, சொன்ன பேச்சுக் கேட்கிற சின்னப்பிள்ளை மாதிரி, இறங்கிக் காரைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு சாண் நீளத்துக்குத் தகரம் பளபளத்தது.

"பிரைமர் தெரியுதா?" உள்ளே இருந்து கேட்டார். மூச்சு வாங்கியது.

"இல்லப்பா. லேசா ஒரு கோடுதான்."

"சரி. வந்து பாத்துக்கிடுதேன். மெதுவா ரிவர்ஸ் எடு."

மெதுவாகத்தான் எடுத்தாள். தாழ்ப்பாள் விடவில்லை, மறுபடியும் இறங்கி அதைத் தூக்கிவிட்டு, மறுபடி ஏறி, மறுபடி திருப்பி. ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்திருந்தால் கதவு கிழிந்து வண்டி வெளியே போயிருக்கும். அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை. மூன்றாம் ரயில்வே கேட் தாண்டும்போது அவர் தலை கண்ணாடிப் பக்கம் சரிந்தது. ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த டாக்டர், "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்" என்றார். எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையாக இருக்கலாம். அவளுக்கு அது தன் முகத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

கோயிலிலிருந்து நேரே ஓடிவந்த அம்மா முதலில் கேட்டது ஒன்றுதான்.

"காதுல சொன்னியாளா?"

உயிர் பிரிகிறவரின் காதில் 'சேசு மரி சூசை' என்று சேசுவின் குடும்பத்துப் பேரைச் சொல்லவேண்டும். கிட்டத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் சொல்லவேண்டும். அம்மா தன் மாமனாருக்குச் சொன்னாள். தெருவில் எத்தனையோ பேருக்கு ஆள் வந்து கூப்பிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே போய்ச் சொல்லியிருக்கிறாள். கட்டின புருசனுக்குச் சொல்ல அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

"சொன்னேம்மா" என்றாள் ஷெர்லின்.

அண்ணனிடம் இன்னொரு பொய் சொல்லவேண்டி வந்தது. லீவுக்குக் காட்ட ஆஸ்பத்திரிச் சீட்டைப் போட்டோ எடுத்து அவள்தான் அனுப்பினாள். அவன் கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், நேரத்தைப் பார்க்காமல் எந்தத் தாளையும் பார்க்க மாட்டான். "எனக்கு ஆறு பத்துக்குப் போன் பண்ணுன. சீட்டுல ஆறு முப்பத்தி மூணுன்னு போட்டிருக்கு. வீட்லேருந்து பத்து நிமிசம்தான?" என்றான். குற்றமாகக் கேட்கவில்லை, அழுதுகொண்டேதான் கேட்டான். "ரயில் வருதுன்னு ரெண்டாம் கேட்டு அடச்சிருந்துச்சுண்ணே" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

இப்போது பிரைமர் காய்ந்திருந்தது. சில்வர் குப்பியைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். முதல் பூச்சு திட்டாக விழுந்தது. வழித்துவிட்டுத் திரும்ப வைத்தாள். இரண்டாவது பூச்சை முடித்து நிமிரும்போது பக்கத்து வீட்டு எஸ்றா அண்ணாச்சி சந்துக்குள் தலையை நீட்டினார். நாசரேத்துக்காரர், பந்தல் போட்டதிலிருந்து பங்குச் சாமியாருக்குச் சொன்னது வரை எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"இங்கனயா இருக்க? சவப்பெட்டி வண்டி உள்ள வரணும்மா. காரைக் கொஞ்சம் வெளியில திருப்பிப் போட்டுரு."

"பெறவு எடுத்தா ஆவாதா அண்ணாச்சி?"

"வண்டி தெருமுனையில நிக்கி."

வேறு வழியில்லை. ரிவர்ஸ் எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கதவு இப்போது பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்து நின்றது. நல்ல வெயில். கோடு தெரியவில்லை, ஆனால் ஈரம் மினுங்கியது. கிளியர் குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் இறங்கினபோது பின்னால் ஒரு டாக்ஸி வந்து நின்றது. மணி ஒன்றுகூட ஆகவில்லை. விமானம் அன்றைக்குப் பார்த்துத்தானா சீக்கிரம் வரவேண்டும்!

ஜெனிஸ் யாரையும் பார்க்காமல் உள்ளே போய் ஃபிரீசர் பெட்டியின் மேல் கவிழ்ந்து அழுதான். ரொம்ப நேரம் அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து காரின் பக்கத்தில் நின்றான். ஷெர்லின் தண்ணீர்ச் செம்போடு அவனுக்கு முன்னால் போய் நின்று கதவை மறைக்கப் பார்த்தாள்.

"அந்தக் கேட்டு மட்டும் தொறந்திருந்தா..." என்றான் ஜெனிஸ்.

"எந்தக் கேட்டு?" எஸ்றா அண்ணாச்சி நல்ல மனுசர், நல்ல மனசோடுதான் கேட்டார்.

"ரெண்டாம் கேட்டு. அடச்சிருந்துச்சாமே."

"நேத்தா? ஆறே காலுக்கு நான் அதுவழியாத்தான வந்தேன். தொறந்துல்லா கெடந்துச்சு."

ஜெனிஸ் தங்கையைப் பார்த்தான். பிறகு கதவில் கையை ஊன்றிச் சாய்ந்தான். கை பிசுபிசுக்கவே எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை முழுக்க வெள்ளி.

"இது எப்பம்ளா?"

மறைக்க இனி ஒன்றுமில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். தாழ்ப்பாள், இறங்கிப் பார்த்தது, ரிவர்ஸ் எடுத்தது, மறுபடி இறங்கினது. பாதியில் அம்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

"கோட்டப் பாக்கவா நீ எறங்குன?" என்று மட்டும் கேட்டான் ஜெனிஸ். அவள் தலையாட்டினாள். எஸ்றா அண்ணாச்சி பந்தல்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா மெல்லப் படியிறங்கி வந்தாள்.

"அப்பா என்னளா கேட்டாரு?"

"பிரைமர் தெரியுதான்னு."

"நல்ல நெனவோடயா கேட்டாரு?"

"ஆமாம்மா. வந்து பாத்துக்கிடுதேன்னாரு."

அல்போன்சா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் கோயில்ல பாட்டுப் பாடிட்டு இருக்கேன், அந்த மனுசன் மூச்சு முட்டி என்னயத் தேடியிருப்பாரேன்னுதான் நேத்துலேருந்து கெடந்து சாவுதேன்" என்றாள். "வந்து பாத்துக்கிடுதேன்னா சொன்னாரு? அப்பம் சாவோம்னு நெனைக்கவேயில்லயே." சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷெர்லினைப் பார்க்காமலே கேட்டாள். "காதுல சொல்லல, என்னா?"

"இல்லம்மா."

அம்மா எழுந்து உள்ளே போனாள். கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியது.

நாலு மணிக்குச் சாமியார் வந்தார். வில்பிரட்டைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். கடைசியாக அல்போன்சா வந்தாள். நெற்றிக்குப் போகவில்லை. குனிந்து காதுக்கு நேராக வாயை வைத்து, "சேசு மரி சூசை" என்று மூன்று முறை, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள். போன உயிருக்கு இப்போது எதற்கு என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷெர்லினுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நிமிர்ந்தவள் மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை சத்தம் தாழ்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அவள் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது.

"பிள்ள பூசிட்டா. நீங்க நிம்மதியாப் போங்க."

பெட்டிக்காரர்கள் மூடியைத் தூக்க வந்தார்கள். ஜெனிஸ் அவர்களை விலகச் சொல்லிவிட்டுத் தலைமாட்டுப் பக்கம் போய் நின்றான். அவன் கையில் வெள்ளி அப்படியே இருந்தது, தேய்த்துக் கழுவியும் போகவில்லை.

"ஏளா ஷெர்லி" என்றான். "அந்தப் பக்கம் நீ பிடி."