அக்காவுக்குத் தனியாகக் கொடுத்த மாத்திரை

எலும்பியின் அக்கா துணி காயப்போடப் போன இடத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அதற்கு அடுத்த வாரம்தான் எலும்பி நடத்திய மாத்திரை ஆய்வின் முடிவைத் திறந்து பார்த்தார்கள்.

எலும்பி என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் அத்தனை ஒல்லி. வெளியில் அவள் பெரிய டாக்டர், எலும்பு ஆராய்ச்சிக்காரி. வயதானவர்களுக்கு மாதம் ஒரு பெரிய வைட்டமின் டி மாத்திரை கொடுத்தால் எலும்பு முறிவு குறையும் என்று நம்பி, அதை நிரூபிக்க மாடாய் உழைத்தவள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் எண்ணெய் அடைத்த மாத்திரை. யாருக்கு எது என்பது கம்ப்யூட்டர் போட்ட குலுக்கல். கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது.

ஆள் சேராமல் திண்டாடிய நாளில், "நான் இல்லையா? என்னைச் சேத்துக்கோ" என்று அக்கா வந்து நின்றாள். சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது. எலும்பி சேர்த்தாள், அது முதல் தப்பு. இரண்டாவதுதான் பெரிய தப்பு. தன்னைத் தூக்கி வளர்த்த அக்கா வெறும் எண்ணெயை விழுங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆவது? அந்த நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது. சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? கடையில் அதே அளவு மாத்திரையை வாங்கி மாதாமாதம் அக்கா கையில் திணித்தாள். "இதையும் போட்டுக்கோ. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

முடிவைத் திறந்த அன்று புள்ளிவிவரக்காரர் திரையில் இரண்டு கட்டங்களைக் காட்டினார். "நிஜ மாத்திரை சாப்பிட்டவங்கதான் அதிகமா விழுந்திருக்காங்க" என்றார், ஏதோ தன் தப்பு போல. "முறிவும் அவங்களுக்குத்தான் அதிகம்."

யார் முகத்திலும் ஈயாடவில்லை. உதவியாளர் ஒருத்தி மட்டும், "அப்படி இருக்காது சார், திரும்பக் கணக்குப் போட்டுப் பாருங்க" என்றாள். போட்டுப் பார்த்தாகிவிட்டது என்றார் அவர்.

எலும்பி பட்டியலில் அக்காவின் எண்ணைத் தேடினாள். எண்ணெய்க் கூட்டம். குலுக்கல் அக்காவைப் பத்திரமான பக்கம்தான் உட்கார வைத்திருந்தது. அங்கிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தவள் தங்கைதான். ஒரே ஒருத்தி விழுந்ததை வைத்து மருந்தின் மேல் பழி போட முடியாது என்று மேடை மேடையாகப் பேசியவள். அந்தப் பேச்சு இப்போது துளியும் உதவவில்லை. போதாததற்கு, அக்காவின் முறிவு எண்ணெய்க்காரர்கள் கணக்கில், தவறான கட்டத்தில் கிடந்தது. உண்மையைச் சொன்னால்தான் அதை அங்கிருந்து எடுக்க முடியும். சொன்னால் வேலை போகும், பேர் நாறும்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு டாக்டரைக் கேட்டு, அக்காவைச் சேர்த்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்தாள். வைட்டமின் டி எக்கச்சக்கமாக இருந்தது. பாவி, ஒரு மாத்திரைகூட விடாமல் விழுங்கியிருக்கிறாள்.

அக்கா கால்களுக்கு நடுவே தலையணை வைத்து மல்லாந்து கிடந்தாள்.

"வாடி எலும்பி. இந்த மாச மாத்திரை கொண்டாந்தியா? நீ குடுத்தது மட்டும் இல்லேன்னா ரெண்டு காலும் போயிருக்கும்னு நர்சுகிட்ட சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

எலும்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. அக்கா போர்வை ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டாள்.

"உன் வேலை போயிடுமா?"

"போகலாம்."

"அப்ப நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நீ குடுத்ததை நான் வாயிலயே போடலை. எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டேன். மாத்திரைன்னாலே எனக்குக் குமட்டும், உனக்குத் தெரியாதா?"

கண்ணிமைக்காமல் சொன்னாள். சின்ன வயதில் எலும்பி உடைத்த சாமானுக்கெல்லாம் "நான்தான் உடைச்சேன்" என்று அடி வாங்கியபோதும் இதே முகம்தான். எலும்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேசாமல் நம்பிவிடலாம் என்றுகூட ஆசையாக இருந்தது.

"உன் ரத்தத்தைப் பாத்துட்டேன் அக்கா."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள். உடம்பு ஒத்துழைக்கவில்லை, கழுத்து மட்டும்தான் திரும்பியது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்து, பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள்.

"அப்ப போய்ச் சொல்லிட்டு வா" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே. "அவங்க திட்டி முடிச்சதும் என்கிட்ட வா. நானும் திட்டணும். எங்க ஓடப் போறேன், இங்கதான் கிடப்பேன்."