தொட்டி வாயில் கட்டிய கையுறை

காலையில் எழுந்ததும் பம்பு ஸ்விட்சைப் போட்டேன். பல் துலக்கினேன். டீ போட்டுக் குடித்தேன். டம்ளரையும் முந்தின இரவின் தட்டையும் கழுவினேன். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அதையே மாட்டிக்கொண்டேன்.

சமையலறைக் குழாயின் மேல் என் மனைவியின் மஞ்சள் ரப்பர் கையுறைகள், அவள் கழற்றிப் போட்டபடியே கிடந்தன. அன்று காலை பாத்திரம் கழுவிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். தெருமுனையில் லாரி. அதன்பின் அவற்றை யாரும் தொடவில்லை.

ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆற்றங்கரையில் நான் எஞ்சின் பழுது பார்க்கும் ஷெட்டில் இருப்பவை எல்லாம் ஓட்டை. இன்றைக்கு ஓட்டையில்லாத ஒன்று வேண்டும். வீட்டைப் பூட்டினேன்.

மாமா எனக்கு முன்பே வந்து தன் படகில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய அப்பா. ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் படகு. நடு ஆற்றில் எஞ்சின் சூடேறி நின்றதிலிருந்து என் ஷெட்டை ஒட்டிக் கட்டிக் கிடக்கிறது. இது ஓடாவிட்டால் அவர் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே டிவிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். சத்தத்தைக் குறை என்று சொல்லும் உரிமை கட்டிலோடு வராது.

அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில், தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் இருந்தது. பக்கத்துப் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். அவனை எல்லோரும் தின்னர் என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன பெரியவரே, எஞ்சின்லயே டீ போட ஆரம்பிச்சிட்டீங்களா? எனக்கு ஒண்ணு, சர்க்கரை தூக்கலா."

"உன் வாய்க்கு முதல்ல ரெண்டு கோட்டிங் அடிடா" என்றார் மாமா. என் பக்கம் திரும்பினார். "கேஸ்கட் மட்டும்தானே மாப்ள?"

"பாத்தாத்தான் தெரியும் மாமா."

எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் தகடுதான் கேஸ்கட். அது விட்டுப்போனால் எரிந்த வாயு எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குள் போகும். தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். இந்த மாடலுக்குப் பாகங்கள் வருவது எப்போதோ நின்றுவிட்டது. கேஸ்கட் ஒன்று மட்டும் என் அலமாரியில் இருந்தது. வேறு எது போனாலும் இது பழைய இரும்பு.

எஞ்சின் ஆறிக் கிடந்தது. சிலிண்டரையும் தண்ணீர்த் தொட்டியையும் முந்தின நாளே வடித்து வைத்திருந்தேன். தொட்டியின் மூடியைத் திறந்து புதுத் தண்ணீர் ஊற்றினேன். கையுறையை அதன் வாயில் மாட்டிக் கம்பியால் இறுக்கினேன். சூடேறும் முன்பே உப்பினால் கேஸ்கட்தான், சந்தேகமில்லை.

சாவியைத் திருப்பினேன். கையுறை துடித்தது. உள்ளங்கை உப்பியது. விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. சுண்டுவிரல் மட்டும் உள்ளே மடங்கியிருந்தது. அவள் எப்போதும் அப்படித்தான் கழற்றுவாள். பிறகு அதுவும் பட்டென்று வெளியே வந்து நிமிர்ந்தது.

எஞ்சினை நிறுத்தினேன். கை சரிந்தது.

"கேஸ்கட்தான் மாமா. மாத்திடலாம்."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "பாப்பாவோடதா?" என்றார்.

"ஆமா."

தின்னர் போய் டீ வாங்கி வந்தான். மாமா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். டீயின் மேல் ஆடை படிந்தது.

"இன்னொரு தடவை போடுங்க மாப்ள."

"வேணாம் மாமா. அதான் தெரிஞ்சுபோச்சே."

"தெரியுது. ஒரே ஒரு தடவை."

நின்ற எஞ்சினில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். சிலிண்டர் நிறைந்துவிட்டால் பிஸ்டன் மேலே ஏற இடம் கிடையாது. தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தள்ளும் இரும்பு ராடுதான் வளையும். டீசல் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் சுற்றி, தண்ணீரை வெளியே தள்ளிய பிறகே மறுபடி சாவியைத் தொடலாம். கழற்றி மாட்ட மத்தியானமாகிவிடும். நான் மெக்கானிக்கல் படித்தவன். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் பிடித்தது. விரல்கள் பாதி எழுந்தன. உள்ளே டங்கென்று ஓர் அடி விழுந்தது. எல்லாம் நின்றது.

எஞ்சின் சக்கரத்தில் கடப்பாரையைக் கொடுத்துச் சுற்றிப் பார்த்தேன். ஓர் இடத்துக்கு மேல் நகரவில்லை.

"என்னண்ணே?" என்றான் தின்னர்.

"ராடு வளைஞ்சிடுச்சு."

"வேற ராடு?"

"கிடைக்காது."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். கம்பியை அவிழ்த்தார். கையுறையை உதறி, விரல் விரலாக நீவி, தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பிக்கு போன் பண்ணிடறேன்" என்றார். பிறகு, "சீரியல் பாத்துப் பழகிக்க வேண்டியதுதான். எல்லாத்துலயும் யாராவது அழுதுட்டே இருக்காங்களாம். நமக்கென்ன, புதுசா?"

தின்னர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தன் படகுக்குப் போய்விட்டான்.

"மாப்ள, அன்னைக்குக் கிளம்பறப்ப பாப்பா 'அப்பாவைப் பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டுப் போனாளாமே. உங்க அக்கா எல்லார்கிட்டயும் சொல்றாங்க. நெசமா?"

"இல்ல மாமா."

"பின்ன என்னதான் சொன்னா?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"கிளவுஸ் புதுசு. இதையும் ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க."