மாமனார் முன்னிலையில் அடையாளம்

தங்கள் பாலைநிலத்துக்கு விடுதலையா, மொரோக்கோவோடு இணைப்பா என்பதை வாக்களித்துத் தாங்களே முடிவுசெய்யப் போகிறோம் என்ற பேச்சில் அகதி முகாம் முழுவதும் விழித்துக்கிடந்தது. வாக்காளர்களை அடையாளம் காணும் ஆணையத்தின் கூடாரத்துக்கு வெளியே, திருமணத்துக்கு வந்தவர்களைப் போல உடுத்தியிருந்த வரிசை நெளிந்துகொண்டிருந்தது. வாக்குரிமை பெற, முன்பு அந்நிலத்தை ஆண்ட ஸ்பெயின்காரர்களின் பழைய கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்குரியவர் இவரே என்று குலத் தலைவர்களான ஷேக்குகள் இருவர் வாய்மொழியாகச் சொல்லவும் வேண்டும். ஒருவர் முகாமைச் சேர்ந்தவர்; மற்றவர் மொரோக்கோவின் பக்கத்திலிருந்து விமானத்தில் வந்தவர்.

தன் பெயர் பதிவாகி வெளியே வந்த நுஈனா, கணவன் தெய்ஷின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, நம்ம ஷேக்குக்குக் காய்ச்சலாம். அவருக்குப் பதிலா எங்கப்பா உக்காந்திருக்காரு."

தெய்ஷ் தலைப்பாகையின் முனையை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டான். அவர்கள் வழக்கப்படி மருமகன் மாமனாருக்கு முகம் காட்டுவதில்லை, பேசுவதுமில்லை. மணமான நாள்முதல் அவன் அதில் ஒருமுறையும் தவறியதில்லை.

"மாமாவுக்கு என் மூஞ்சியே தெரியாதே. எப்படிச் சொல்லுவாரு?"

"அப்ப ஓட்டு வேணாமா? போங்க உள்ள."

உள்ளே, வெளிநாட்டு அதிகாரி முகத்தைத் திறக்கும்படி சைகை செய்தார். தெய்ஷ் திறந்தான், காது எரிந்தது. மாமனார் ஷேக் ஸைன் உடனே பார்வையைக் கூடாரக் கம்பத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"இவரைத் தெரியுமா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

ஷேக் ஸைன் கம்பத்தைப் பார்த்தபடியே இருந்தார். மொரோக்கோ பக்கத்து ஷேக் லெஃப்திர் அதைக் கவனித்து நாற்காலியில் சாய்ந்தார்.

"மருமகனா? அப்ப நீரு மூஞ்சியப் பாத்திருக்க மாட்டீரே. பாக்காத ஆளுக்கு என்னய்யா சாட்சி?"

மௌனத்தை மறுப்பென்று கொண்ட அதிகாரி பேனாவை எடுத்தார். தெய்ஷ் அந்தப் பேனாவையே பார்த்தான். நாட்டின் முடிவில் தன் ஒரு சொல்லும் சேராமல் போகப்போகிறது; அதுவும் மரியாதையின் பொருட்டு.

"எழுதாதீங்க," என்றார் ஷேக் ஸைன். "அவரைத் திரும்பி நடக்கச் சொல்லுங்க."

தெய்ஷ் திரும்பினான். இடது தோள் சரிய, தலையை முன்னுக்கு நீட்டி, பின்வாசலை நோக்கி விரைந்தான். அப்போதுதான் மாமனார் முழுக்கண்ணாலும் பார்த்தார்.

"இவருதான். நான் எந்தக் கூடாரத்துல நுழைஞ்சாலும் பின்பக்கமா ஓடுற மனுசன். இந்த முதுகு எனக்கு என் மகனோட முதுகவிட நல்லாத் தெரியும்."

லெஃப்திர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எனக்கும் மூணு மருமகனுங்க. நானும் அந்தப் பக்கத்தத்தான் பாத்திருக்கேன். முன்பக்கத்துக்கு நான் சாட்சி. இவங்கப்பனும் நானும் ஒண்ணா ஒட்டகம் மேச்சோம், அதே மூக்கு. எழுதிக்குங்க."

மொழிபெயர்ப்பாளர் இதை எப்படிப் பெயர்த்தாரோ, அதிகாரியும் சிரித்துவிட்டார். இரு ஷேக்குகளும் ஒரே ஆளை ஒப்புக்கொண்ட செய்தி அதற்குள் வரிசைக்கு எட்டி, பெண்களின் குலவை எழுந்தது.

கைநாட்டு வைக்க மட்டும் தெய்ஷ் தேவைப்பட்டான். அவன் அதற்குள் பின்வாசல் வழியாக வெளியேறியிருந்தான்; எவ்வளவு அழைத்தும் மாமனார் எதிரே திரும்பிவர மறுத்தான். மைப்பெட்டி வெளியே சென்றது.