பாலத்துக்கு வந்த விளம்பரம்

கழிவுக் காகிதத் தொழிற்சாலையின் ஓடும் பட்டியில் பழைய பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. குழல்விளக்குகளின் வெளிச்சத்தில் காகிதத் தூசு மெல்ல இறங்கி, நிற்பவர்களின் புருவத்திலும் தோளிலும் படிந்தது. பளபளப்பான சஞ்சிகைகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் பிடுங்கி இடதுபக்கத் தொட்டியில் போடுவது கோணேசனின் வேலை. எதிரே நின்ற செபஸ்தியாம்பிள்ளை கட்டுக் கயிறுகளை அறுப்பார். பட்டியின் முடிவில் ஒரு இயந்திரம் எல்லாவற்றையும் அழுத்தி, மேசை உயரக் கட்டிகளாக வெளியே தள்ளும். டேனிஷ் நகரமான கோல்டிங் ஒரு கிழமை வாசித்ததெல்லாம் அந்தக் கட்டிகளாகி, மழையில் நனைந்தபடி லொறிக்குக் காத்திருக்கும்.

1987ஆம் ஆண்டு நவம்பர் மாதம். இருவரும் திருகோணமலைக்காரர். கோணேசன் அங்கே வீதித் திணைக்களத்தில் பதினொரு வருடம் ஓவசியராக இருந்தவன். வயது முப்பத்து நான்கு. செபஸ்தியாம்பிள்ளை பாலையூற்றில் மேசன், அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருவருக்கும் இங்கே அகதி அந்தஸ்துக் கிடைத்திருந்தது. கோணேசனின் மனைவி நிலானிக்கும், செபஸ்தியாம்பிள்ளையின் மனைவி பற்றிமாவுக்கும் மகள் கிறிஸ்ரினாவுக்கும் அந்த வருட மார்ச்சில் ஒன்றாகவே விண்ணப்பம் போட்டிருந்தார்கள். மனைவியையும் பிள்ளையையும் அழைப்பது அகதியின் உரிமை என்று சட்டத்தில் இருந்தது. முந்தின வருடம் விண்ணப்பித்தவர்களின் குடும்பங்கள் ஐந்து மாதத்தில் வந்து சேர்ந்திருந்தன.

கோணேசன் பட்டியிலிருந்து சில தாள்களை உருவி, மடித்து, ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வான். மத்தியான இடைவேளையில் பாணைக் கடித்தபடி அவற்றை விரிப்பான். அவன் தேடுவது ஒன்றைத்தான். ஸ்டோரபெல்ட் கடலுக்கு மேலே கட்டப்போவதாகச் சொன்ன பெரிய பாலம்.

மேற்பார்வையாளர் பிரேபன் அதைப் பார்த்துச் சிரிப்பார். “நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அந்தப் பாலம் பேப்பரில நிண்டது. ஒருக்காச் சட்டமும் போட்டாங்கள். பிறகு காசில்லை எண்டு நிப்பாட்டிப் போட்டாங்கள்.”

அவர் போனபின் கோணேசன் செபஸ்தியாம்பிள்ளையின் பக்கம் திரும்பினான்.

“அண்ணை, மந்திரியின்ர படத்தோட முதல் பக்கத்தில வந்தால் அது கதை. அதை நான் பாக்கிறேல்லை. இதைப் பாருங்கோ. கடைசிப் பக்கம். சின்ன எழுத்து.”

“என்னடாப்பா போட்டிருக்கு?”

“பாலம் தொடங்கிற நியூபோக் கரையில இன்னாற்ர காணி எடுக்கப்போகினமாம். ஆட்சேபனை எண்டால் இத்தினையாம் தேதிக்கு முன்னம் எழுதட்டாம். காணியில கை வைச்சால் நாலு பேர் சண்டைக்கு வருவான். செய்ய மனமில்லாதவன் அந்தச் சண்டையை விலைக்கு வாங்கான்.”

அவனுக்கு அது அனுபவத்தில் வந்த அறிவு. அவனுடைய பிரிவில் ஒரு களப்பு இருந்தது. பஸ்ஸும் லொறியும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போகும். மூன்று தேர்தல்களுக்கு முன்னும் அங்கே பாலம் வருகிறதென்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. அடிக்கல்லின் படம்கூட வந்தது. பதினொரு வருடத்தில் அளவு நாடாவோடு அங்கே போய்வா என்று ஒருவரும் அவனை அனுப்பவில்லை. டென்டர் விளம்பரமும் வரவில்லை. மிதவை அப்படியே போய் வந்துகொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் தாள்களைக் கத்தரித்து அப்பியாசக் கொப்பியொன்றில் ஒட்டினான். கல்லும் மணலும் வழங்க டென்டர் கேட்டார்கள். கடலடியைத் துளைத்துப் பார்க்க ஆள் தேடினார்கள். ‘பாலம் வந்தால் எங்கள் வேலை என்னாவது?’ என்று பயணிகள் கப்பலில் வேலை செய்யும் ஒரு பெண் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை அவன் இரண்டு தரம் வாசித்தான். அவளும் நம்பிவிட்டாள் என்று நினைத்தான். நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்த நாட்களில், பஸ் ஜன்னலில் தலை சாய்த்தபடி அவன் பாலத்தைக் காண்பான். பனிப்புகாருக்குள் தூண்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடும். யாரோ ஒரு பெண் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மறுகரையிலிருந்து நடந்து வருவாள். முகம் தெரியுமுன் இறங்குமிடம் வந்துவிடும்.

பெப்ரவரியில் வேலைத் திணைக்களத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். கொங்கிறீற் வேலையும் கம்பி கட்டும் வேலையும் பழக்கும் வகுப்பு, பன்னிரண்டு கிழமை. சேர்வதென்றால் காகித வேலையை விடவேண்டும். தானாக வேலையை விட்டவனுக்கு ஐந்து கிழமைக்கு உதவிப்பணமும் கிடையாது. மற்றத் தமிழர்கள் யோசித்தார்கள். நிரந்தர வேலையை விட்டுவிட்டு, பேப்பரில் இருக்கும் பாலத்தை நம்பிப் போவதா?

“நீ என்ன சொல்லுறாய்?” என்று செபஸ்தியாம்பிள்ளை கேட்டார்.

“கட்டுவினம் அண்ணை.”

“உறுதியோ?”

“மணலுக்கு டென்டர் கேட்டிட்டினம். மணலைக் கேட்டவன் சும்மா இருக்கமாட்டான்.”

இருவரும் வேலையை விட்டார்கள்.

வகுப்புத் தொடங்கிய மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து செபஸ்தியாம்பிள்ளை கோணேசனைத் தேடி வந்தார். இருவரும் துறைமுகப் பக்கம் நடந்தார்கள். புகார் கடலையும் வானத்தையும் ஒன்றாக்கியிருந்தது. கட்டிவைத்த படகுகள் அந்தரத்தில் தொங்குவதுபோல நின்றன. அவர் கோட்டுப் பையிலிருந்து நீல விமானக் கடிதம் ஒன்றை எடுத்தார்.

“பற்றிமா எழுதியிருக்கிறாள். தமையன் குடும்பம் அடுத்த மாதம் வள்ளத்தில இந்தியாவுக்குப் போகினமாம். இவளுக்கும் பிள்ளைக்கும் இடம் இருக்காம். போகட்டோ, நிக்கட்டோ எண்டு கேக்கிறாள்.”

“நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

“போனால் விலாசம் மாறிப்போம். விலாசம் மாறினால் விண்ணப்பம் முதலில இருந்து தொடங்கவேணும் எண்டு கந்தோரில சொன்னவை. நிண்டால், கடிதம் எப்ப வரும் எண்டு தெரியாது. அங்கை நிலைமையும் சரியில்லை. அவளுக்கு மூச்சிழுப்பு வேற.” அவர் நின்றார். “நீ பாலத்துக்குப் பாத்தனீயெல்லோ. அதே மாதிரி எங்கட பெஞ்சாதிமாரின்ர விசயத்தையும் ஒருக்காப் பாத்துச் சொல்லு தம்பி. இந்த அரசாங்கம் விடுமோ, விடாதோ?”

கோணேசன் மூன்று கிழமை பார்த்தான். பின்னேரங்களில் நூலகத்துக்குப் போய்ப் பழைய தாள்களையும் வாங்கிப் புரட்டினான். எல்லா விண்ணப்பங்களும் சட்டப்படி கவனிக்கப்படுகின்றன என்று அரசாங்கம் சொன்னது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் ஒன்றுமில்லை. விண்ணப்பங்கள் குவிந்திருக்கின்றன என்றார்கள், ஆனால் அவற்றைப் பார்க்க ஒரு எழுதுவினைஞர் தேவையென்றும் விளம்பரம் வரவில்லை. வருகிற குடும்பங்களுக்கு வீடு தேடி எந்த ஊரின் நகரசபையான கொம்யூனும் அறிவித்தல் போடவில்லை. தமிழரின் குடும்பங்களுக்கு ஏன் பதில் வருவதில்லை என்று ஒரு சட்டத்தரணி எழுதிய கடிதம் ஒரு மூலையில் கிடந்தது. அதற்கு மறுமொழி எந்த நாளும் அச்சாகவில்லை.

களப்பின் மிதவை அவனுக்கு ஞாபகம் வந்தது. நூலகத்தின் ஜன்னலுக்கு வெளியே ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. அதே குவியலில்தான் நிலானியின் விண்ணப்பமும் கிடந்தது. செபஸ்தியாம்பிள்ளையிடம் வராது என்று சொன்னால் தனக்கும் அதையே சொன்னதாகிவிடும். அவன் கொப்பியை மூடினான்.

மறுநாள் வகுப்பு வாசலில் செபஸ்தியாம்பிள்ளை அவனுடைய முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

“வரும் அண்ணை,” என்றான் கோணேசன். “கொஞ்சம் சுணங்கும். ஆனால் வரும். நிக்கச் சொல்லுங்கோ.”

அவர் அன்றே கடிதம் எழுதினார். பற்றிமா நின்றாள். தமையனின் வள்ளம் போய்ச் சேர்ந்ததாக ஏப்ரல் கடைசியில் செய்தி வந்தது.

பாலத்தின் வேலை தொடங்கியது. இலையுதிர்காலத்தில் இருவருக்கும் நியூபோ கரையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் பழைய காரொன்றில் போய், தகரக் கொட்டிலில் தங்கி, வெள்ளி பின்னேரம் கோல்டிங்குக்குத் திரும்புவார்கள். பிரேபன் ஒருநாள் தெருவில் கண்டு, கோணேசனின் கையைப் பிடித்துக் குலுக்கி, நீ சொன்னது சரியாய்ப் போச்சு என்றார்.

கம்பி கட்டுவது குனிந்தபடி செய்யும் வேலை. விரல் தடிப்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய கம்பியைச் சுற்றிக் குறட்டால் முறுக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் முடிச்சு. காற்று கடலிலிருந்து நேரே வந்து காதை அறுக்கும். நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளைக் கப்பல் ஒன்று, அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாமல், சாம்பல் நிறத்துக்குள் கரைந்துகொண்டிருக்கும்.

ஜனவரி மாதத்தில், இரண்டு நாள் ஊரடங்குக்கு நடுவில், பற்றிமாவுக்கு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரி நாலு மைல். வீதியில் மறிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதிரையொன்றில் வைத்துத் தூக்கிக்கொண்டு சந்திவரை போனார்கள். அங்கே நின்ற படையினர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாலையூற்றுப் பாதிரியார் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்துச் சொல்லும்போது அடக்கம் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. பிள்ளை கன்னியர் மடத்தில் இருக்கிறாள் என்றார்.

செபஸ்தியாம்பிள்ளை இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காரின் முன்னிருக்கையில் வந்து உட்கார்ந்தார். நியூபோவில் இறங்கும்போது, “கையுறை விட்டிட்டு வந்திட்டன்,” என்றார்.

அந்த மாதத்திலேயே விசயம் வெளியே வந்தது. தமிழரின் விண்ணப்பங்கள் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்று எல்லாப் பத்திரிகைகளும் முதல் பக்கத்தில் எழுதின. விசாரணை வேண்டும் என்றார்கள். இனி விண்ணப்பங்கள் உடனே பார்க்கப்படும் என்றார்கள். கோணேசன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. மே மாதத்தில் கடிதங்கள் வந்தன. நிலானிக்கு அனுமதி. செபஸ்தியாம்பிள்ளையின் கடிதத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன, மனைவி முதலிலும் மகள் இரண்டாவதாகவும்.

அடுத்த கிழமை, கம்பிகளின் மேல் பலகை போட்டு இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது கோணேசன் சொன்னான்.

“அண்ணை, அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

செபஸ்தியாம்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேப்பரில ஒண்டும் இருக்கேல்லை. வராது எண்டு எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரேல்லை. நிலானியின்ரயும் அதுக்குள்ளதானே...”

“தெரியும்.”

“என்ன அண்ணை?”

“மணல் விசயம் சொல்லேக்க பேப்பரை விரிச்சு வைச்சு, விரலால தொட்டுத் தொட்டுச் சொன்னனீ. அண்டைக்கு உன்ர கையில ஒண்டும் இருக்கேல்லை.” அவர் கோப்பையின் அடியில் கிடந்ததை மண்ணில் ஊற்றினார். “எனக்கும் வரும் எண்டு ஆராவது சொல்லவேணும் போல இருந்தது. அதுதான் உடன எழுதிப் போட்டன்.”

பிறகு கம்பிக் குறட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோணேசன் அவருக்குப் பக்கத்து வரிசையில் குனிந்தான். இடைவேளை முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

ஓகஸ்டில் நிலானி, கிறிஸ்ரினாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிள்ளைக்கு எட்டு வயது. தகப்பன் புறப்படும்போது நாலு. அவள் அவரைக் கண்டதும் நிலானியின் பின்னால் ஒதுங்கி, சேலைக்கும் கைப்பைக்கும் நடுவிலிருந்து பார்த்தாள்.

கோல்டிங்கில் மூன்றாம் மாடியில் செபஸ்தியாம்பிள்ளைக்கு ஒதுக்கிய வீட்டுக்கு நால்வரும் வந்தபோது, வாசலில் கொம்யூனின் ஆட்கள் இருவர் கட்டிலொன்றின் பகுதிகளோடு நின்றார்கள். குடும்பம் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் தளபாடம். அகலமான இரட்டைக் கட்டில்.

“எனக்கு இது தேவையில்லை,” என்றார் செபஸ்தியாம்பிள்ளை தன்னுடைய டேனிஷில். “மனைவி இல்லை. மகள் மட்டும்.”

இளையவன் தாளைப் பார்த்தான். “இதில் மனைவி ஒன்று, பிள்ளை ஒன்று என்றுதான் இருக்கிறது.”

“அவள் செத்துப் போனாள்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவன் தொப்பியைக் கழற்றினான். மாற்றுவதென்றால் ஒரு படிவம் நிரப்பவேண்டும், இரண்டு மூன்று கிழமை பிடிக்கும், அதுவரைக்கும் பிள்ளை படுக்க ஏதாவது வேண்டும்தானே என்று தணிந்த குரலில் சொன்னான். கட்டிலைப் பொருத்திச் சுவரோடு சேர்த்து வைத்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

பிள்ளை நித்திரை தூங்கி விழுந்தாள். உடுப்பும் மாற்றாமல் கட்டிலில் ஏறி, வெளிப்பக்க விளிம்பில் ஒட்டிப் படுத்தாள்.

“நடுவில படு ராசாத்தி, விழுந்திடுவாய்,” என்று நிலானி அவளை உள்ளே நகர்த்தி, போர்வையால் மூடிவிட்டாள்.

மூவரும் குசினியில் தேத்தண்ணி குடித்தார்கள். கீழே யாரோ புல் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் செபஸ்தியாம்பிள்ளை எழுந்துபோய் அறைக் கதவை மெல்லத் திறந்தார்.

பிள்ளை நித்திரையிலேயே உருண்டு மறுபடியும் விளிம்புக்கு வந்திருந்தாள். ஒரு கை பின்னால் நீண்டு கிடந்தது. அவளுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பெரிய ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. பின்னேர வெயில் அதில் விழுந்து, புது விரிப்பின் மடிப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டியது.