வலப்பக்கத்துக் கொப்புகள்

1935 ஜனவரி 9, புதன். கொடகவெல.

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. சைக்கிள் பம்பைப் பையில் வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். வைக்கவில்லை. எடுக்க வேண்டிய சாமான்களை எழுதும்போது, எடுத்தவற்றோடு அதையும் சேர்த்துவிட்டேன். பம்பு நான் வேலை செய்யும் இரத்தினபுரிக் கடையில், கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. எழுதியதை அடிக்காமல் அடுத்த பக்கத்தில் திருத்துவது மாலை இங்கிலீஷ் வகுப்பில் பழகியது. ஆகவே இது திருத்தம்.

மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து பையில் இருக்கிறதா என்று இன்று பலமுறை திறந்து பார்த்தேன். இருக்கிறது. மெழுகுத் துணியில் சுற்றித் தகர டப்பாவில் போட்டிருக்கிறேன்.

என் கூடப்பிறந்த மூத்தவர் றஹீமா ராத்தாவுக்கு நோன்பு மாதக் கடைசியிலிருந்து எழும்ப முடியாத காய்ச்சல் என்று ஒரு வண்டிக்காரர் மூலம் செய்தி வந்தது. அவர் கணவர் ஹுஸைன் மச்சானின் சின்னக் கடை காட்டுக்கு அப்பால், ஆற்றைக் கடந்தால் இருக்கும் கிராமத்தில். அந்தப் பக்கம் எங்கும் கொயினா இல்லையாம். முக்தார் முதலாளி மருந்தும் வாங்கித் தந்து, கடைச் சைக்கிளையும் தந்தார். "நீ வரப் பிந்தினாலும் பரவால்ல, றஊப். சைக்கிள் பிந்தாம வரணும்" என்றார்.

பெல்மதுளை வரை வெயில். அதன்பின் முன்னால் போகும் மாடு தெரியாத மழை. அரைமணியில் மறுபடி வெயில். போன வருஷம் முழுக்க ஆறுகள் காய்ந்து கிடந்தன. இப்போது வானம் நினைத்தபடி செய்கிறது. வழியில் பல வீடுகள் பகலிலும் சாத்திக் கிடந்தன. உள்ளே எல்லோரும் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று தேநீர்க் கடையில் சொன்னார்கள்.

10, வியாழன். காட்டு வாசல் அம்பலம்.

கொடகவெலையைத் தாண்டியதும் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. நடந்து வர நேர்ந்ததால் காட்டு வாசலுக்கு வரும்போது உச்சி சாய்ந்துவிட்டது. வேட்டையாடக் கூடாது என்று அரசாங்கம் பலகை நாட்டியிருக்கும் காடு இது. ஆற்றுத்துறை உள்ளே மூன்று மைல். இங்கிருந்து பார்த்தால் தெரியாது.

பின்னாலேயே ஒரு மாட்டு வண்டி வந்தது. உப்பு ஏற்றிப்போகும் நல்லையா என்பவர்.

"என்ன தம்பி, சைக்கிளுக்கும் காச்சலா? தள்ளிக்கிட்டு வர்றீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவர் வண்டியிலிருந்து பழைய துணியும் பசையும் எடுத்துத் தந்து, குழாயை ஒட்ட உதவினார். காற்றடிக்க வழியில்லாததால் டயருக்குள் வைக்கோலைத் திணித்தோம்.

பாதை ஓரத்தில் ஒரு கல் பிள்ளையார். அதற்கு இரு பக்கமும் கம்பி கட்டி, கம்பி நிறைய இலைக் கொப்புகள். காட்டுக்குள் போகிறவர் ஒரு கொப்பை ஒடித்து இடப்பக்கம் தொங்கவிடுவார். அக்கரையிலிருந்து சுகமாக வெளியே வந்தவர் வலப்பக்கம் தொங்கவிடுவார். சிங்களவரும் தமிழரும் தவறாமல் செய்கிறார்கள். நல்லையா இடப்பக்கம் கொப்பு வைக்கக் கையை நீட்டியவர், வலப்பக்கத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஒரு பச்சக் கொப்பும் இல்லீங்களே. காலையிலருந்து அக்கரையால யாரும் வரல. மலையில மழ பேஞ்சிருக்கும். ஆறு விடாதுங்க."

அவர் சொன்னதை நான் சும்மா ஏற்கவில்லை. வலப்பக்கத்துக் கொப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை சருகு. சில வாடித் துவண்டவை, நேற்றையவை. இன்று ஒடித்தது ஒன்றுமில்லை. சற்று முன் பெய்த தூறலில் பாதையில் சுவடுகளும் இல்லை. அவர் முடிவு சரி என்று கண்டேன். நானே சோதித்து அறிந்ததில் கொஞ்சம் திருப்தியும் பட்டேன்.

எனக்கும் ஒரு கொப்பு ஒடித்துத் தந்தார். எங்கள் மார்க்கத்தில் அது ஆகாது என்று சொன்னேன். கோபிக்கவில்லை. "அப்ப யானைக்கு நீங்களே சலாம் சொல்லிக்கங்க" என்றார்.

தனியே போய்த் துறையைப் பார்த்து வரலாமா என்று யோசித்தேன். ஆறு விடாவிட்டால் யானை நடமாடும் நேரத்தில் மூன்று மைல் திரும்பி வரவேண்டும். விடியும்வரை வண்டியோடு, வழிப்போக்கர் தங்கும் இந்த அம்பலத்திலேயே நிற்பதாகத் தீர்மானித்தேன். தீர்மானத்தில் எவ்வளவு கணக்கு, எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதத் தொடங்கியபோது வெயில். இப்போது கூரைக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் மழை கொட்டுகிறது.

11, வெள்ளி. மச்சான் வீடு.

காலையில் இடுப்பளவுத் தண்ணீரில், சைக்கிளை வண்டியில் ஏற்றி, டப்பாவைத் தலையில் கட்டிக்கொண்டு கடந்தேன். யானை எதையும் காணவில்லை.

ராத்தா விடிகாலை சுபஹுக்கு மௌத்தாகிவிட்டார்.

நான் வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா, உம்மு குல்தூம் தாத்தா, மய்யித்தைக் குளிப்பாட்டி முடித்திருந்தார். அவருக்கே காய்ச்சல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கே நம்மவர் வீடு நாலுதான். எழும்பி நடக்கக்கூடிய ஆண்கள் மூன்று பேர். சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நாலாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஆள் நான். ராத்தா இவ்வளவு பாரமில்லாமல் இருப்பார் என்று நினைக்கவில்லை. கப்றுக் குழிக்குள் ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் இறைத்த பிறகே வைக்க முடிந்தது.

திரும்பி வந்ததும் மச்சானிடம் டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். நேற்று எங்கே நின்றாய் என்று கேட்டார். அம்பலத்தில் என்றேன். டப்பாவை மூடிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். நேற்றுக் காலையில் அவர் ஆற்றைக் கடந்து, காட்டு வாசல் வரை என்னைத் தேடி வந்திருக்கிறார். உச்சிப்பொழுது லுஹர் நேரம் வரைக்கும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்திருக்கிறார். ராத்தா தனியே கிடப்பதால் அதற்கு மேல் நிற்க மனமில்லாமல் திரும்பியிருக்கிறார்.

"போகக்குள்ளயும் வரக்குள்ளயும் முழங்கால் தண்ணிதான் ஈந்திச்சி. நீ ஏன் வரல்ல?"

வலப்பக்கத்தில் பச்சைக் கொப்பு இல்லை, அதனால் யாரும் ஆற்றைக் கடக்கவில்லை என்று கண்டேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"நான் எப்படா கொப்பு வெச்சேன்?" என்றார் மச்சான். "நீ வெச்சியா?"

  மச்சான் உள்ளே போய் ராத்தாவின் பாயைச் சுருட்டி வெளியே கொண்டுவந்து வைத்தார். மழை தூறியதும் மறுபடி உள்ளே எடுத்துப்போனார்.

நேற்றுப் பின்னேரமே மருந்து வந்திருந்தால் ராத்தா பிழைத்திருப்பாரா என்று உம்மு குல்தூம் தாத்தாவிடம் கேட்டேன். அல்லாஹ்தான் அறிவான் என்றார். முந்தாநாள் கஞ்சி குடித்ததாகவும், நேற்றுக் காலை என்னைப் பற்றிக் கேட்டதாகவும் சொன்னார். இரண்டையும் எழுதி வைக்கிறேன். இவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்று எனக்குத் தெரியவில்லை. இனி நான் வருகிற முடிவுகளை எப்படி நம்புவது என்பதும் தெரியவில்லை.

ராத்தாவின் மகள் நூரியாவுக்கு ஐந்து வயது. பின்னேரம் அஸருக்குப் பிறகு அவளுக்கும் நடுக்கம் வந்தது. மச்சான் மடியில் வைத்திருந்தார். நான் மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்தேன். முதலில் துப்பினாள். மறுமுறை விழுங்கினாள். இப்போது வேர்த்துக் கிடக்கிறாள்.

நாளை: விடிந்ததும் நூரியாவுக்குக் கஞ்சி கொடுத்து, அதன்பின் மருந்து கொடுக்க வேண்டும். உம்மு குல்தூம் தாத்தா வீட்டுக்கும் மற்ற இரண்டு வீடுகளுக்கும் கொயினாவைப் பங்கிட்டுக் கொண்டுபோக வேண்டும்.