பிரமிளா பேசாத வசனம்

மத்தியான சீரியலுக்கு வசனம் எழுதுகிறவரை என்றைக்காவது நேரில் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் வீட்டில் சோறு போடச் சொல்வதற்கும் இப்படித்தான் பேசுவீர்களா?

"எனக்கு உண்மை தெரியும்" என்பாள் சின்ன மருமகள் நிலவழகி. "என்ன உண்மை?" என்பாள் பெரிய மருமகள் பிரமிளா. "அந்த உண்மை." "எந்த உண்மை?" "எந்த உண்மைன்னு உனக்குத் தெரியாதா?" இடி இடிக்கும். கூடத்தில் நிற்கிற அத்தனை பேர் முகத்தையும் ஒரு சுற்று காட்டுவார்கள், மாமனார் முகத்தை மட்டும் இரண்டு சுற்று. விளம்பரம் முடிந்து வந்தால் மறுபடியும் "எனக்கு உண்மை தெரியும்." ஆடி மாதத்தில் நிலவழகி வாய்க்குள் போன உண்மை தீபாவளி வரைக்கும் வெளியே வரவில்லை. அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று சொல்வது வழக்கம். இவர்கள் மாவும் போடாமல் வெறும் கல்லை ஓட்டுகிறார்கள்.

அப்புறம் ஏன் பார்த்தாய் என்று கேட்கலாம். என்னைப் பார்க்கச் சொன்னது உஷாராணி அக்கா. என் வீட்டுக்காரர் பாக்யராஜின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. கூடப்பாக்கத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே வீடு. அக்கா திருவாண்டார்கோயில் பக்கத்தில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனிக்குப் போகிறது. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தபிறகு போனில் பார்க்கலாம்தான், ஆனால் பிள்ளைகள் இரண்டும் வீட்டுப்பாடத்தோடு மடியில் ஏறிவிடும். அதனால் மத்தியானம் நான் பார்த்து வைத்து, இராத்திரி சமையலின்போது கதை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் இரண்டு நாள் நேர்மையாகத்தான் சொன்னேன். "ஒன்னும் நடக்கலக்கா, நின்னுகினு இருந்தாங்க." மறுநாளும் அதே. அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், நான் பார்க்கவே இல்லை, படுத்துத் தூங்கிவிட்டு வந்து சொல்கிறேன் என்ற சந்தேகம் இருந்தது. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த பொம்பளைக்கு இதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறேனே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி என்று மூன்றாம் நாள் நிலவழகியை வீட்டுக்குப் பின்பக்கமாக வெளியே கூட்டிக்கொண்டு போனேன். டவுனில் தையல் கடையில் வேலை கேட்டாள் என்று சொன்னேன். அக்கா வாயைத் திறந்தபடி கேட்டது.

அடுத்த நாள் அந்தக் கதை பஸ்ஸில் போனது. திரும்பி வரும்போது அதற்கு வால் முளைத்திருந்தது. தையல் கடைக்காரன் நல்லவனா கெட்டவனா என்று ஆதிலட்சுமி என்பவள் கேட்டாளாம். நிலவழகி சம்பளத்தை மாமியாரிடம் கொடுக்கக் கூடாது என்று தனக்கொடி என்பவள் உத்தரவு போட்டாளாம். அவள் சொன்னபடியே நான் கொடுக்க விடவில்லை. புரோமோவில் வேறு என்னமோ காட்டினார்களே என்று ஒருத்தி சந்தேகப்பட்டபோது, புரோமோவில் காட்டுவதை எந்தக் காலத்தில் கதையில் காட்டினார்கள் என்று அக்காவே அவளை அடக்கிவிட்டதாம். முகம் தெரியாத ஒரு பஸ் நிறையப் பெண்கள் என் வாய்க்காகக் காத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் கம்பெனியில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்தவள் நான். பாத்திரமும் துணியுமாக நாலு வருஷம் போய்விட்டது. என் பெண்ணும் பால்வாடிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். நானும் வருகிறேன், ஒரு வார்த்தை சொல்லேன் என்று அக்காவிடம் கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை.

"ரெண்டு பேரும் கெளம்பிட்டா வூட்ட யாரு பாக்கறது?"

அத்தை இருக்கிறாரே என்றேன். அத்தை அம்சவள்ளி மாட்டையும் புல்லுக்கட்டையும் பார்ப்பாரா, உன் பிள்ளையைப் பார்ப்பாரா என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்து போய்விட்டது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், அண்ணி சொல்கிறதுதான் என்று பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் மாதாமாதம் தவறாமல் சம்பளம் கொண்டு வருகிறது அக்கா ஒன்றுதான். அது வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு வயிறு எரிந்தது. மூன்று நாள் அழுதேன், யாரும் கவனிக்கவில்லை.

நான்காம் நாள் பிரமிளாவைப் பேச வைத்தேன்.

நிலவழகி தையல் கடைக்குக் கிளம்பி வாசலுக்கு வருகிறாள், நான் முன்பே வேலைக்கு அனுப்பிவிட்ட பிரமிளா குறுக்கே நிற்கிறாள். "ரெண்டு பேரும் கெளம்பிட்டா வூட்ட யாரு பாக்கறது?" அக்கா சொன்ன அதே வார்த்தை. அடுப்படியில் அக்காவுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, அக்கா குரலிலேயே சொன்னேன். அக்காவுக்குப் பொறி தட்டவே இல்லை. "இவ இன்னாடி பொம்பள, தான் மட்டும் போவலாமா?" என்றது. எனக்கு உள்ளே கரும்பு தின்ற மாதிரி இருந்தது.

விடுவேனா? மறுநாளும் பிரமிளா அதையே சொன்னாள், அதற்கடுத்த நாளும். நிலவழகி எத்தனை விதமாகக் கெஞ்சினாலும் பிரமிளாவுக்கு ஒரே பதில்தான். பஸ்ஸில் கொதித்துப் போனார்களாம். வாயில் கொள்ளிக்கட்டை வைக்க வேண்டும் என்றாளாம் தனக்கொடி. வைக்கும்போது என்னையும் கூப்பிடு என்று அக்கா சொன்னதாம். சொல்லிவிட்டு எல்லாரும் சிரித்தோம் என்று அக்கா என்னிடம் வந்து சிரித்தது. நானும் கூடவே சிரித்தேன். ஒரு மாதம் நான் சாப்பிட்டது செரித்ததே இந்தச் சிரிப்பால்தான்.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்காவுக்குக் கால் பிசகிவிட்டது. வில்லியனூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, இரண்டு நாள் நடக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். மறுநாள் மத்தியானம் அக்கா காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டது. கேபிள் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ரிமோட்டை வாங்கி அக்காவே போட்டது. வந்தது.

நேற்று நடந்தது என்று ஐந்து நிமிஷம் காட்டினார்கள். அப்புறம் கூடம். நிலவழகி தட்டில் குங்குமத்தோடு நின்றாள். "எனக்கு உண்மை தெரியும்." "என்ன உண்மை?" இடி. முகங்கள். மாமனார் முகம் இரண்டு தடவை. தையல் கடையும் இல்லை, சம்பளமும் இல்லை. பிரமிளா பட்டுப்புடவையில் பாயசத்துக்குள் எதையோ கலந்தாள், அதைக் கலக்கவே விளம்பரத்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆனது. வேலைக்குப் போகிற ஆளாக அந்த வீட்டில் ஒரு ஜீவனும் இல்லை.

முழுசாகப் பார்த்தது அக்கா. கடைசியில் பாட்டுப் போட்டுப் பெயர்கள் ஓடும்வரைக்கும் பார்த்தது. நான் அடுப்படி நிலையில் நின்றேன். ஆரம்பத்திலிருந்தே நான் விட்ட கதையா என்று அக்கா கேட்டது. தலையாட்டினேன்.

"அப்ப அந்தப் பிரமிளா பேசனது?"

"நீ பேசனதுதான்க்கா."

திட்டும் என்று நினைத்தேன். அத்தையைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கும், என் வீட்டுக்காரருக்குப் போன் போடும் என்றெல்லாம் நினைத்து அதற்கெல்லாம் பதிலும் வைத்திருந்தேன். அக்கா கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கொள்ளிக்கட்டய வெக்கும்போது கூப்புடுன்னு நானே சொன்னன்டி" என்றது. "என்னிய நானே."

அப்போதுதான் எனக்கு முதன்முதலாகச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. நீ சொன்னதைத்தானே சொன்னேன், ஒரு எழுத்து கூட்டினேனா என்றேன்.

"கூட்டல. அது சும்மா சொன்னது. அத்த பாத்துப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?" அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை, அத்தை புல்லுக்குப் போயிருந்தார், இருந்தும் தாழ்த்தியது. "இங்க நான் அண்ணி, அம்மா, பெரிய மருமவ. பஸ்ல ஏறுனா உஷா. என் மாமியாரு யாரு, என் வூட்டுக்காரரு குடிப்பாரா மாட்டாரா, ஒருத்திக்கும் தெரியாது. நான் சிரிச்சா ஏன் சிரிக்கறன்னு கேக்க ஆளு இல்ல. நீயும் வந்து பக்கத்து சீட்டுல குந்திகினா, அங்கயும் நான் பெரிய மருமவதான்டி."

ஒரு மாதமாக அந்தப் பிரமிளாவை விதவிதமாக நிற்க வைத்தேன், கையை இடுப்பில் வைக்கச் சொன்னேன், கதவைச் சாத்தச் சொன்னேன். அவளுக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. கெட்டவள் என்றால் கெட்டவள், ஒரு வசனத்தைக் கொடுத்து அதையே சொல்ல விட்டேன். இடியும் மாமனார் முகமும்தான் பாக்கி. அந்த வசனகர்த்தாவை நான் வாய்க்கு வந்தபடி ஏசியதெல்லாம் என் மேலேயே வந்து விழுந்தது. அக்காவைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அதற்காக எனக்கு வேலை வேண்டாம் என்று ஆகிவிடுமா? அதுவும் ஆகவில்லை. "நான் மட்டும் இந்த வூட்லயே கெடக்கணுமாக்கா?" என்று கேட்டேன். பஸ்ஸில் ஏறினால் அக்கா உஷா. நான் ஏறவே இல்லையே. என்னைச் சித்ரா என்று கூப்பிட எங்கே ஆள் இருக்கிறது? இதைச் சொல்லும்போது கண்ணீர் வந்துவிட்டது. டிவியில் அடுத்த சீரியல் ஆரம்பித்திருந்தது, அதிலும் யாரோ யாரையோ பார்த்து முறைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அன்றைக்கும் மறுநாளும் எங்களுக்குள் பேச்சு இல்லை. சாப்பாட்டைக் கொண்டு போய் வைத்தேன், எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் அக்கா காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து பஸ் ஏறிப் போனது. அன்றைக்குப் பகல் முழுக்க நான் டிவி பக்கமே போகவில்லை. பஸ்ஸில் அக்கா என்ன சொல்லும், என்னைப் பற்றிச் சொல்லிவிடுமா, எல்லாரும் என்னைக் காறித் துப்புவார்களா என்று ஒரே நினைப்பு. சோறு குழைந்துவிட்டது.

சாயங்காலம் வந்ததும் அக்கா முகம் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தது. பஸ்ஸில் எல்லாரும் கதை கேட்டார்களாம். சீரியலை விட்டுவிட்டேன், வேலை இல்லாத கதை என்று சொல்லிவிட்டதாம். தனக்கொடிக்கு ரொம்ப வருத்தமாம். ஆதிலட்சுமி மட்டும் விடாமல், நிலவழகிக்கு வேலை கிடைத்ததா இல்லையா, அதையாவது சொல் என்று இறங்கும்வரைக்கும் நச்சரித்தாளாம்.

நான் பூண்டு உரித்துக்கொண்டே, நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

அக்கா என் முறத்திலிருந்து இரண்டு பல் எடுத்து உரித்தது. அப்புறம் சொன்னது. ஆதிலட்சுமியின் நாத்தனார் திருபுவனையில் வேறொரு கம்பெனியில், பேக்கிங்கில் இருக்கிறாளாம். அங்கேயும் ஆள் எடுக்கிறார்கள். தெரிந்த பெண் ஒருத்தி என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வரும்போதே வாசலில் அத்தையிடமும் பேசியாகிவிட்டது, பால்வாடி விட்டதும் பிள்ளையை அவர் கூட்டி வந்துவிடுவார்.

எழுந்து கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. அக்கா பூண்டைவிட்டுக் கண்ணை எடுக்காததால் எழுந்திருக்கவில்லை.

"வேற கம்பெனி, வேற பஸ்சு" என்றது அக்கா. "அங்க என்னிய யாருக்கும் தெரியாது. நீயும் தெரியும்னு சொல்லாத."

"சொல்ல மாட்டன்க்கா" என்றேன்.